எம்.ஏ.எஸ்.ஸைக் கூட்டுவதற்கு முன்: எக்ஸ்ரே படக் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டறிதல்

எக்ஸ்ரே அறைகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. படம் எந்த வகையில் கெட்டிருந்தாலும் எம்.ஏ.எஸ்.ஸை, அதாவது டியூப்பின் மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் கதிர் அளவை, கூட்டி இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பது. பிலிம் காலத்தில் இதற்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. வெளுத்திருந்தால் கதிர் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம் என்று பிலிமே சொல்லிவிடும். சி.ஆர். (கேசட்டில் உள்ள தகட்டை ரீடரில் படிக்கும் முறை), டி.ஆர். (கதிரைப் பதியும் டிடெக்டரிலிருந்து படம் நேரே கணினிக்குப் போகும் முறை) என்ற டிஜிட்டல் முறைகள் வந்த பிறகு அந்தச் சாட்சி போய்விட்டது. கதிர் கால்பங்காக விழுந்தாலும் நான்கு மடங்காக விழுந்தாலும் மென்பொருள் படத்தை ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில்தான் திரையில் காட்டும். ஆகவே திரையின் வெளிச்சத்தை வைத்துக் கதிரின் அளவை எடைபோட முடியாது. கீழே சொல்லப்போகும் அறிகுறிகளில் எம்.ஏ.எஸ்.ஸைக் கூட்டினால் தீரக்கூடியது முதலாவது மட்டுமே. அதற்கும் பல நேரங்களில் காரணம் வேறாக இருக்கும்.

எதைத் தொடங்கும் முன்பும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: போட்ட கேவி (கதிரின் ஊடுருவும் வலிமையை நிர்ணயிக்கும் டியூப் மின்னழுத்தம்), எம்.ஏ.எஸ்., டியூப்புக்கும் டிடெக்டருக்கும் இடையிலான தூரம், திரையில் வந்த எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் (டிடெக்டரை எட்டிய கதிரின் அளவைக் காட்டும் எண்). தூரத்தைக் கண்ணளவில் எழுதாமல் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சோதனைப் படம் எடுக்க வேண்டுமானால் 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா போதும். மூடியை இறுக்கி, பாலித்தீன் உறை போட்டு, டிடெக்டரில் ஒரு சொட்டும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடன் பணிபுரிபவரின் கையை வைத்துச் சோதிக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ரோண்ட்கன் 1895 டிசம்பரில் மனைவியின் கையைப் படமெடுத்தார் என்பது உண்மைதான். அந்தச் சலுகை அவரோடு முடிந்துவிட்டது.

படம் பொரிபொரியாக இருக்கிறது

மார்புப் படத்தில் இதயத்துக்குப் பின்னாலும், உதரவிதானத்துக்குக் கீழேயும், முதுகெலும்பின் மேலும் பெரிதாக்கிப் பாருங்கள். நுரையீரல் சுத்தமாகத் தெரிந்து இந்த இடங்கள் மட்டும் பொரிந்திருந்தால், டிடெக்டரை எட்டிய ஃபோட்டான்கள், அதாவது கதிரின் துகள்கள், குறைவு என்று பொருள்.

எக்ஸ்ரே ஃபோட்டான்கள் சீராக விழுவதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில்கூட எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமம். ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 100 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். இந்தப் பொரிவை, அதாவது இரைச்சலை, பாதியாக்க வேண்டுமானால் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. எம்.ஏ.எஸ்.ஸை 10 சதவீதம் கூட்டி மறுபடி எடுத்துவிட்டு, முன்பைவிடத் தேவலை என்று சொல்பவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார்.

காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் தூரம். 100 செ.மீ.க்கு வகுத்த கணக்கை 180 செ.மீ.யில் பயன்படுத்தினால், தலைகீழ் இருமடி விதிப்படி, வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 100 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்தினாலே 17 சதவீதம் போய்விடும்.

அடுத்தது நோயாளியின் தடிமன். 4 அல்லது 5 செ.மீ. கூடும்போதெல்லாம் ஊடுருவி வரும் கதிர் ஏறக்குறைய பாதியாகிறது. பருமனானவரின் இடுப்புப் படம் பொரிந்தால் முதலில் தொட வேண்டியது கேவியை. கேவியை 15 சதவீதம் ஏற்றுவது, டிடெக்டரைப் பொறுத்தவரை எம்.ஏ.எஸ்.ஸை இரட்டிப்பாக்குவதற்குச் சமம் என்பது பழைய கைக்கணக்கு. 70இலிருந்து 80க்குப் போனால் போதும். நோயாளியின் தோலில் விழும் கதிர் அதே அளவுக்கு இரட்டிப்பாவதில்லை. உள்ளே நுழைந்தே வராத கதிரைக் கூட்டிக்கொண்டே போனால் அவர் உடம்பு வாங்கிக்கொள்ளும். படத்துக்கு வந்து சேராது.

மூன்றாவது கிரிட், அதாவது சிதறிய கதிரை வடிகட்ட டிடெக்டருக்கு முன்னால் வைக்கும் ஈயப் பட்டைச் சட்டம். டியூப் நடுவிலிருந்து விலகியிருந்தால் ஈயப் பட்டைகள் நேர்க்கதிரையே மறித்துவிடும். பிலிமில் இது படம் முழுவதும் வெளுப்பாகத் தெரிந்தது. டிஜிட்டலில் வெளுப்பை மென்பொருள் ஈடுகட்டிவிடும். பொரிவு மட்டும் மிஞ்சும். இதைக் கதிர் குறைவு என்று எண்ணி எம்.ஏ.எஸ்.ஸை ஏற்றி, அடுத்த நோயாளிக்கும் அதையே தொடர்வதுதான் நான் பார்த்தவற்றில் மிக மோசமான தவறு. டியூப்பை ஓர் அங்குலம் நகர்த்தினால் தீர்ந்திருக்கும்.

சி.ஆர். என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: கேசட் எவ்வளவு நேரம் காத்திருந்தது? யூரோப்பியம் கலந்த பேரியம் சேர்மத் தகட்டில் சிக்கிய எலெக்ட்ரான்கள், ரீடரின் சிவப்பு லேசர் வந்து விடுவிக்கும்வரை பொறுமையாக இருப்பதில்லை. நேரம் போகப் போகத் தாமாகவே கழன்றுவிடும். இரவுப் பணியில் எடுத்த படங்களைக் காலையில் மொத்தமாக ரீடரில் போடுகிற இடங்களில் பொரிவு ஏன் வருகிறது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

கடைசியாக, மெனு. மார்புக்குப் பதில் கை என்று தேர்ந்தெடுத்திருந்தால் மென்பொருள் விளிம்புகளைக் கூர்மையாக்குகிறேன் என்று இரைச்சலையும் சேர்த்துக் கூர்மையாக்கும். மெனுவைத் திருத்தி மறுபடி பிராசஸ் செய்யுங்கள். நோயாளியை மறுபடி அழைக்க வேண்டாம். இத்தனையும் சரியாக இருந்தும் இண்டெக்ஸ் குறைவாகவே வந்தால், அப்போது எம்.ஏ.எஸ்.

பொரிவு இல்லை, ஆனால் படம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது

இது சிதறல் கதிரின் வேலை. 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் மென்திசுவில் ஃபோட்டான் எலெக்ட்ரானில் மோதித் திசைமாறும் காம்ப்டன் சிதறலே ஆதிக்கம் செலுத்துகிறது. சிதறிய ஃபோட்டான் தான் எங்கே மோதியது என்ற செய்தியைக் கொண்டுவருவதில்லை. கோணம் மாறி வந்து படம் முழுவதும் ஒரு மூட்டத்தைப் போர்த்துகிறது. கிரிட் இல்லாமல் எடுத்த பெரியவரின் வயிற்றுப் படத்தில் டிடெக்டரை அடைவதில் நேர்க்கதிரைவிடச் சிதறல் பல மடங்கு. நேர்க்கதிர் 1 பங்கு, சிதறல் 4 பங்கு என்று வைத்துக்கொண்டால், கிடைக்க வேண்டிய கறுப்பு-வெள்ளை வேறுபாட்டில் (காண்ட்ராஸ்டில்) ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இங்கே எம்.ஏ.எஸ்.ஸைக் கூட்டினால் என்ன நடக்கும்? நேர்க்கதிர் இரண்டு பங்காகும், சிதறல் எட்டுப் பங்காகும். விகிதம் அப்படியே இருக்கும். மூட்டமும் அப்படியே இருக்கும். நோயாளிக்கு இரட்டிப்பு டோஸ் போனதுதான் மிச்சம்.

முதல் மருந்து கொலிமேட்டர், அதாவது டியூப்பின் வாயில் கதிரின் பரப்பைக் குறுக்கும் இலைகள். இதைப் பாடத்தில் படித்துவிட்டு அறையில் மறந்துவிடுகிறோம். தேவையான பகுதிக்கு மட்டும் கதிரைக் குறுக்கினால் சிதறுவதற்கான சதையின் கன அளவே குறைகிறது. காண்ட்ராஸ்ட் உயரும், டோஸ் குறையும். இரண்டும் ஒரே கைத்திருப்பத்தில் கிடைக்கிற வேறொரு வழி இந்த அறையில் இல்லை. முழுத் தகட்டுக்கும் திறந்து எடுத்துவிட்டுக் கணினியில் வெட்டிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கணினி படத்தைத்தான் வெட்டுகிறது, நோயாளி மேல் விழுந்த கதிரை அல்ல.

இரண்டாவது கிரிட். 1913இல் குஸ்டாவ் பக்கி ஈயப் பட்டைகளை நிறுத்திச் சிதறலை வடிகட்டலாம் என்று காட்டினார். படமெடுக்கும்போதே கிரிட்டை நகர்த்திப் பட்டைகளின் நிழலை மறைப்பது சிகாகோவின் ஹாலிஸ் பாட்டர் செய்தது. தடிமன் 10 செ.மீ.யைத் தாண்டினால் கிரிட் வேண்டும். கிரிட் போட்டால் கதிரும் 3 முதல் 5 மடங்கு கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், ஒல்லியான கைக்குழந்தையின் மார்புக்கு அதைக் கழற்றிவிட வேண்டும். பெரியவருக்கு மாட்டிய கிரிட்டைக் கழற்றச் சோம்பல்பட்டுக் குழந்தைக்கும் அப்படியே எடுப்பது நம் அறைகளில் அன்றாடம் நடப்பது.

மூன்றாவதாகத்தான் கேவி. ஃபோட்டானை அணு முழுதாக விழுங்கிக்கொள்ளும் ஒளிமின் உட்கவர்தல் அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்பக் கூடி, ஆற்றலின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. எலும்புக்கும் சதைக்கும் இடையே பளிச்சென்ற வேறுபாடு வேண்டுமானால் கேவி தாழ்ந்திருக்க வேண்டும். கைவிரலுக்கு 50 முதல் 55 போதும். அயோடின் செலுத்தி எடுக்கும் சிறுநீரகப் படத்தில் இது இன்னும் முக்கியம். அயோடின் கதிரைத் திடீரென்று அதிகமாக உட்கவரத் தொடங்கும் ஆற்றல், அதாவது அதன் கே விளிம்பு, 33.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். 65க்கும் 75க்கும் இடையில் கேவி வைத்தால் கதிரின் பெரும்பகுதி அந்த விளிம்புக்குச் சற்று மேலே விழுந்து அயோடின் நன்றாகப் பதியும். நோயாளி பருமன் என்று 90க்கு ஏற்றினால் மருந்து உள்ளே இருந்தும் படத்தில் மங்கிவிடும்.

மார்பு மட்டும் இதற்கு விலக்கு. கிரிட்டோடு 110 முதல் 125 கேவி வரை வேண்டுமென்றே போடுகிறோம், விலா எலும்புகள் நுரையீரலை மறைக்காதிருக்க. அந்தப் படம் கொஞ்சம் சாம்பலாகத்தான் இருக்கும். அதைக் கோளாறு என்று எண்ணி 70க்கு இறக்கி, பளபளப்பான விலா எலும்புகளைக் காட்டி மகிழ வேண்டாம்.

ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது, மறுபக்கம் கறுத்திருக்கிறது

இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் நோயாளியைச் சந்தேகியுங்கள். காற்று கசிந்து நிறைந்த மார்பு ஒரு பக்கம் கறுக்கும். நீர் கட்டினால் வெளுக்கும். ஒரு மார்பகம் அகற்றப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பக்கம் கறுப்பாகவே வரும். படம் சரியில்லை என்று அழித்துவிட்டு மறுபடி எடுக்கிற அவசரத்தில் நோயையே கோளாறாக நினைத்துவிடக் கூடாது. பிறகு திரும்பி நிற்கிறாரா என்று பாருங்கள். காறை எலும்புகளின் உள்முனைகள் இரண்டும் நடுத்தண்டின் முள்முனையிலிருந்து சம தூரத்தில் இல்லையென்றால் உடம்பு திரும்பியிருக்கிறது. அதுவே போதும் இரண்டு நுரையீரலுக்கும் வேறு வேறு கருமை தர.

இரண்டும் இல்லையென்றால் தண்ணீர் டப்பாவை எடுங்கள். ஒரு படம் எடுத்து, டிடெக்டரை மட்டும் 180 பாகை திருப்பி இன்னொன்று எடுங்கள். வெளுப்பு டிடெக்டரோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு டிடெக்டரில்; காலிப்ரேஷன் (அளவைச் சரிசெய்தல்) செய்ய வேண்டும். அறையிலேயே நின்றால் கதிரிலோ கிரிட்டிலோ. இப்போது கிரிட்டைக் கழற்றி எடுங்கள். வெளுப்பு போய்விட்டால் கிரிட்தான்.

கிரிட்டின் தவறுகள் ஒவ்வொன்றுக்கும் முகம் வேறு. நடுவில் கறுத்த பட்டையும் இரு பக்கமும் பளீரென்ற வெளுப்பும் இருந்தால் பட்டைகள் டியூப்பை நோக்கிச் சாய்ந்த குவியக் கிரிட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். இரு ஓரமும் மெதுவாக வெளுத்தால் கிரிட்டில் எழுதியிருக்கும் குவியத் தூரத்துக்கும் நீங்கள் வைத்த தூரத்துக்கும் பொருத்தமில்லை. ஒரு பக்கம் மட்டும் வெளுத்தால் தூரமும் தவறு, நடுவும் தவறு. வார்டில் மெத்தை மேல் வைத்த கேசட் நோயாளியின் எடையில் சாய்ந்துபோவது வாடிக்கை. 12:1 கிரிட் (பட்டையின் உயரம் இடைவெளியைப் போல் 12 மடங்கு) அந்தச் சாய்வைக் கொஞ்சமும் மன்னிக்காது. வார்டுக்குத் தள்ளிச் செல்லும் மொபைல் எக்ஸ்ரே வேலைக்கு 6:1 அல்லது 8:1 வைத்துக்கொள்வது நல்லது.

கிரிட் இல்லாமலும் வெளுப்பு இருந்து, அது டியூப்பின் நெடுக்கில் மெல்ல மெல்ல மாறினால், அது ஹீல் விளைவு. டியூப்பில் கதிரை உண்டாக்கும் டங்ஸ்டன் ஆனோடின் சரிவுக்குள்ளிருந்து வெளியேறும் கதிர் ஆனோடு பக்கம் அதிக உலோகத்தைக் கடக்க வேண்டியிருப்பதால் அங்கே பலவீனமாக வருகிறது. இது கோளாறே அல்ல. தூரத்தைக் கூட்டினால் குறையும். நெஞ்சு முதுகெலும்பு, தொடை போன்ற இடங்களில் தடித்த பக்கத்தை ஆனோடுக்கு எதிர்ப்பக்கமான கேதோடை நோக்கி வைத்தால் லாபமாகக்கூட மாறும். டி.ஆர்.இல் டியூப்பை ஒரு நிலையில் வைத்துக் காலிப்ரேஷன் செய்துவிட்டு வேறு நிலையில் பயன்படுத்தினால், மறைந்திருந்த ஹீல் விளைவு மறுபடி தலைகாட்டும்.

வெளுப்பு மெல்ல மாறாமல் நேர்கோடாக வெட்டியது போல் நின்றால் கொலிமேட்டர் இலை குறுக்கே நிற்கிறது. விளக்கின் வெளிச்சமும் கதிரும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

விளிம்புகள் கூர்மையாக இல்லை

டிடெக்டரை ஒட்டி வைத்த ஈய எழுத்தைப் பாருங்கள். எல் அல்லது ஆர் எழுத்து கூர்மையாக இருந்து உடம்பு மட்டும் கலங்கியிருந்தால், அசைந்தது நோயாளி. விலா எலும்பு தெளிவாக இருந்து உதரவிதானம் மட்டும் கலங்கினால் மூச்சு. எழுத்தே கலங்கியிருந்தால் சிக்கல் டிடெக்டரிலோ ரீடரிலோ. எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் கேசட் நகர்ந்திருக்கிறது.

அசைவுக்கு மருந்து நேரத்தைக் குறைப்பது. 10 எம்.ஏ.எஸ்.ஸை 100 எம்.ஏ.வில் எடுத்தால் 0.1 விநாடி, 300 எம்.ஏ.வில் எடுத்தால் 0.033 விநாடி. அதே எம்.ஏ.எஸ்., அதே டோஸ். எம்.ஏ. குறைவான சிறிய இயந்திரம்தான் இருக்கிறதென்றால் கேவியை ஏற்றி எம்.ஏ.எஸ்.ஸை இறக்குங்கள். இங்கே எம்.ஏ.எஸ்.ஸைக் கூட்டுவது நேரத்தை நீட்டி நோயை வளர்ப்பதாகும்.

யாரும் அசையாமலே டிடெக்டரிலிருந்து தள்ளியிருக்கும் பாகங்கள் மட்டும் கலங்கினால் குவியப் புள்ளியை, அதாவது ஆனோடில் கதிர் பிறக்கும் இடத்தின் அளவை, கவனியுங்கள். 1.2 மி.மீ. புள்ளி, 100 செ.மீ. தூரம், உறுப்பு டிடெக்டரிலிருந்து 10 செ.மீ. என்றால் விளிம்பின் கலக்கம் 0.13 மி.மீ.; டிடெக்டர் பிக்சலின் அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதே உறுப்பு 30 செ.மீ. தள்ளியிருந்தால் 0.51 மி.மீ. மணிக்கட்டின் மயிரிழை முறிவு இதில் காணாமல் போகும். 0.6 மி.மீ. புள்ளிக்கு மாறுங்கள், உறுப்பை டிடெக்டரோடு ஒட்டுங்கள்.

இதயம் பெரிதாகத் தெரிகிறது

வார்டில் முன்னிருந்து எடுத்த படமா? அப்படியானால் அதை அப்படியே நம்பக் கூடாது. பின்னிருந்து 180 செ.மீ.யில் எடுக்கும்போது இதயம் டிடெக்டரிலிருந்து 8 செ.மீ. என்று கொண்டால் உருப்பெருக்கம் 1.05. படுக்கையில் 100 செ.மீ.யில், இதயம் 16 செ.மீ. தள்ளியிருக்க எடுத்தால் 1.19. 13 செ.மீ. இதயம் முதல் படத்தில் 13.6, இரண்டாவதில் 15.5. படுத்திருப்பதால் உதரவிதானம் மேலேறுவது வேறு. முடிந்தவரை டியூப்பை உயர்த்துங்கள், 130 செ.மீ.க்குப் போனால் எம்.ஏ.எஸ். 1.7 மடங்கு வேண்டும். எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு தூரத்தில் எடுத்தது என்பதைப் படத்திலேயே எழுதிவிடுங்கள். படத்தைப் பார்க்கும் டாக்டருக்கு அதை ஊகிக்க வழியில்லை.

கோடு, புள்ளி, வேண்டாத நிழல்

உச்சி நுரையீரலில் நிழல் என்றால் முதலில் பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். எண்ணெயோ ஈரமோ ஏறிய கனத்த பின்னல் அந்த இடத்தில் நோயைப் போலவே பதியும். தாலிச் சங்கிலி, தாயத்து, சேலைக் குத்தூசி, குழந்தையின் அரைஞாண் என்று கேட்க வேண்டிய பட்டியல் நீளமானது. தாலியைக் கழற்றத் தயங்குபவரிடம் வாதம் வேண்டாம். நுரையீரலுக்கு மேலே, தாடையருகே தூக்கிப் பிடிக்கச் சொன்னால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ஒரே கேசட்டில், ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் தகட்டில் தூசி. எல்லாக் கேசட்டிலும் தகடு ஓடும் திசையில் வெள்ளைக் கோடு வந்தால் தூசி ரீடருக்குள் ஒளி சேகரிக்கும் பாதையில் இருக்கிறது. அது சர்வீஸ் பொறியாளரின் வேலை. முந்தைய நோயாளியின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் தகடு முழுமையாக அழியவில்லை. ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்த தகட்டையும் அழித்துவிட்டே பயன்படுத்த வேண்டும், சுற்றுப்புறக் கதிர்வீச்சு அதில் பதிந்திருக்கும். கேசட்டின் பின்புறச் சட்டம் படத்தில் தெரிந்தால், வேறென்ன, திருப்பி வைத்திருக்கிறார்கள்.

டி.ஆர்.இல் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மெல்லிய நேர்கோடு வந்தால் அந்த வரிசை பிக்சல்கள் செத்துவிட்டன. சம இடைவெளிக் கோடுகள் என்றால் கிரிட்டை நகர்த்தும் பக்கியின் மோட்டார் ஓடவில்லை, அல்லது எக்ஸ்போஷர் நேரம் அது நகர்வதற்குள் முடிந்துவிடுகிறது. அலை அலையான வரிகள் சி.ஆர்.இல் மட்டும் வந்தால், கிரிட்டின் பட்டைகளும் லேசரின் வரிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கிரிட்டைத் திசைமாற்றி வையுங்கள்.

படம் அழகாக இருக்கிறது, எண்தான் சரியில்லை

இதுதான் யாரும் புகார் செய்யாத கோளாறு. 2008இல் வந்த சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) தரநிலைப்படி, இலக்கிலிருந்து கதிர் எவ்வளவு விலகியது என்று காட்டும் டீவியேஷன் இண்டெக்ஸ் 0 என்றால் இலக்கு. +3 என்றால் இரண்டு மடங்கு, +6 என்றால் நான்கு மடங்கு. கதிர் கூடினால் இரைச்சல் குறைவதால் படம் இன்னும் அழகாகவே தெரியும், டாக்டரும் பாராட்டுவார், எம்.ஏ.எஸ். மாதா மாதம் ஊர்ந்து ஏறும். பழைய இயந்திரங்களில் எண்ணின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஃபியூஜியின் எஸ் எண் தலைகீழ்: எண் கூடினால் கதிர் குறைவு. கோடாக் முறையில் 300 கூடினால் கதிர் இரட்டிப்பு. அக்ஃபாவில் 0.3 கூடினாலே இரட்டிப்பு. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு வேலை மாறியவர் இதைக் கேட்டுக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது.

எண்ணும் பொய் சொல்வதுண்டு. இடுப்பில் உலோக மூட்டு இருந்தாலோ, கொலிமேட்டர் ஓரத்தை மென்பொருள் கண்டுபிடிக்காவிட்டாலோ, மெனு தவறாக இருந்தாலோ கணக்கு பிசகும். அந்த எண் டிடெக்டரை எட்டிய கதிரின் அளவே தவிர, நோயாளி வாங்கிய டோஸ் அல்ல.

தண்ணீர் டப்பாவை வாரம் ஒருமுறை அதே கேவி, அதே எம்.ஏ.எஸ்., அதே தூரத்தில் எடுத்து எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் ஆனோடு சொரசொரத்து டியூப்பின் வெளியீடு குறைகிறது, அல்லது டிடெக்டர் தளர்கிறது. ஒரு நாளுக்கு ஒரு நாள் ஏறி இறங்கினால் ஜெனரேட்டர். மூடியைத் திறந்து பார்க்கும் எண்ணம் வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். பொறியாளரை அழைக்கும்போது படம் சரியில்லை என்று மட்டும் சொன்னால் அவர் பாதி நாளைத் தேடுவதில் கழிப்பார். டிடெக்டரைத் திருப்பியபோது என்ன ஆயிற்று, கிரிட்டைக் கழற்றியபோது என்ன ஆயிற்று, நோட்டில் எண் எந்த வாரத்திலிருந்து மாறியது என்ற மூன்றையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். டியூப் மாற்றினாலும் ஜெனரேட்டரைப் பழுதுபார்த்தாலும், தரச் சோதனை முடியும்வரை நோயாளியை அந்த அறைக்குள் அனுப்பாதீர்கள்.